கரடிகள் இல்லாமலும் நிற்கும் காடு

ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கினின் ‘பைன் காட்டில் காலை’ பற்றிச் சில எண்ணங்களை இங்கே வைக்கிறேன். ஓவியரின் வரலாறு ஓவிய அன்பர்கள் அறிந்ததே. நமக்கு வேண்டியது ஒரு வழக்கின் தீர்ப்பு. 1889இல் தீட்டப்பெற்ற இந்த ஓவியத்தின் உணர்வு எங்கே பிறக்கிறது? கரடிகளிடம் என்பார் பலர். மிட்டாய்த் தாளில் ஏறி ரஷ்ய வீடுகளுக்குள் புகுந்தவையும் அக்கரடிகளே. ஆனால் அவற்றைத் தீட்டியவர் ஷிஷ்கினின் நண்பரான ஓவியர் கான்ஸ்டன்டின் சவீத்ஸ்கி. ஓவியத்தை வாங்கிய பாவெல் த்ரெத்தியாகோவ், சவீத்ஸ்கியின் கையொப்பத்தை அழித்து ஷிஷ்கின் பெயரை மட்டும் விட்டுவைத்தார். நட்புக்கு அது நீதியா என்பது வேறு கேள்வி. கலைத் தீர்ப்பாக அது சரியே.

இதைத் தெளிய நம் தொல்காப்பியமே துணை. நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கும் மரமும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். மூன்று பொருளும் ஒருங்கே வந்தால் முதற்பொருளே பாடலின் திணையைத் தீர்மானிக்கும் என்பது உரையாசிரியர் இளம்பூரணர் கொள்கை. முதலினும் கரு சிறக்கும், கருவினும் உரி சிறக்கும் என்பார் மற்றோர் உரையாசிரியரான நச்சினார்க்கினியர். செய்யுளில் யார் பக்கம் நிற்பது என்பதைப் புலவர்களுக்கு விடுவோம். இந்த ஓவியத்தில் நான் இளம்பூரணர் பக்கம். காடும் விடியலும் முன்னரே அமைந்துவிட்டன; கரடிகள் அங்கே குடியேறியவை.

ஷிஷ்கின் மரங்களை அளந்து பிரதியெடுத்தவர், உணர்வுக்கு மற்றொரு ரஷ்ய நிலக்காட்சி ஓவியரான லெவித்தானிடம் போக வேண்டும் என்று ஒரு மறுப்பு உண்டு. ஷிஷ்கினின் சில ஓவியங்கள் வறண்டவை என்பதை நானும் ஒப்புவேன். ஆனால் இங்கே முறிந்து சாய்ந்த பைன் மரத்தின் பட்டையைச் செதில் செதிலாகத் தீட்டிய தூரிகையே, பின்னால் உள்ள மரங்களின் விளிம்பைப் படிப்படியாகக் கரைத்துப் பனிமூட்டத்தில் விடுகிறது. அருகே திட்பம் இல்லாவிட்டால் தொலைவின் மங்கல் வெறும் சாம்பல் பூச்சாகிவிடும். உச்சிக் கிளைகளில் பொன்னொளி, பள்ளத்தில் இன்னும் விலகாத குளிர்நிழல்: இந்த இடைவெளியில்தான் காலை நிகழ்கிறது. ஷிஷ்கின் செப்புத்தகட்டில் அரிப்போவியமும் செய்தவர். வண்ணத்தின் உதவியின்றிக் கருமையையும் வெண்மையையும் கொண்டே தொலைவைக் காட்டும் அந்தப் பயிற்சி இங்கே வீண்போகவில்லை. ஆகவே நுட்பம் வேறு, உணர்வு வேறு என்று பிரிப்போர் வாதம் இந்த ஓவியத்தின் முன் நில்லாது.

ஓவியம் பயிலும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். இதன் அச்சுப்படி கிடைத்தால் கரடிகளை விரலால் மறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்; பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.