செப்படி வித்தையும் 'ஜக்கிளும்'

ஒரே நேரத்தில் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு சமாளிப்பவரை 'ஜக்கிள் பண்றார்' என்கிறோம். கணக்குப் புத்தகத்தில் தில்லுமுல்லு செய்தாலும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். பந்து வீசிப் பிடிப்பவருக்கும் பொய்க்கணக்கு எழுதுபவருக்கும் அப்படி என்ன உறவு?

லத்தீனில் 'ஜோகுஸ்' என்றால் வேடிக்கைப் பேச்சு. 'ஜோக்' வந்ததும் அதிலிருந்துதான். அந்த வேர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலில் கோமாளித்தனம், பிறகு கண்கட்டு வித்தை, அப்புறம் ஏமாற்று என்று பொருள் மாறிக்கொண்டே வந்தது. பந்துகளை மாற்றி மாற்றி வீசுவது என்ற பொருள் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதாவது ஏமாற்று மூத்தது, பந்து இளையது!

தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து உள்ளே இருக்கும் பந்தை மாயமாக்கும் வித்தை 'செப்பிடு வித்தை'. செப்பு என்பது அந்தக் கிண்ணம். பேச்சில் அது 'செப்படி வித்தை' ஆனது. கொங்கு நாட்டுச் சந்தைப் பேச்சிலும் சரி, அரசியல் மேடையிலும் சரி, 'செப்படி வித்தை காட்டாதே' என்றால் ஏமாற்றாதே என்றுதான் அர்த்தம்.

பந்து வீசிப் பிடிப்பதோ பெண்களின் விளையாட்டு, பெயர் அம்மானை. கையிலிருக்கும் காயும் அம்மானை, ஆடும்போது பாடும் பாட்டும் அம்மானை. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இருக்கிறது, திருவாசகத்தில் திருவம்மானை. பிற்பாடு 'இராமப்பய்யன் அம்மானை' போன்ற நெடுங்கதைப் பாடல்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கேயும் ஏமாற்று வாடை கிடையாது.

இங்கிலாந்தில் பந்து வித்தைக்கு மரியாதை தேடித் தந்தவர்களில் ஒருவர் நம்மவர். 1810களில் லண்டன் மேடைக்குப் போன 'ராமோ சாமி'. இராமசாமி என்பது வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது போலும். 1821இல் வில்லியம் ஹேஸ்லிட் 'இந்திய ஜக்லர்கள்' என்று ஒரு கட்டுரை எழுதினார். நாலு பித்தளைப் பந்துகளை ஒருவர் தவறாமல் சுழற்றுவதைப் பார்த்து, இந்த அளவு பிழையில்லாமல் தன்னால் எதையும் செய்ய முடிந்ததில்லையே என்று வெட்கப்பட்டார். கட்டுரையில் பெயர் இல்லை. அது ராமோ சாமி என்றே பலரும் கருதுகிறார்கள்.

1850இல் ராமோ சாமி லண்டனிலேயே வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்குக்கூடக் காசில்லாமல், அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது.