வரைந்த கோடும் வாக்கின் எடையும்

தாம்பரம் இரயில் நிலையத்தில் மாலை வேளையில் இறங்கிச் செல்லும் தொழிலாளி ஒருவனை நிறுத்தி, "நீ எந்த நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தவன்?" என்று கேளுங்கள். சற்றே விழிப்பான், பிறகு, "திருப்பெரும்புதூர்" என்பான். அவன் குடியிருப்பது சேலையூரில். திருப்பெரும்புதூரை அவன் கண்டிருக்கவும் மாட்டான். ஆயினும் அவன் வாக்கு அந்தப் பெயரில்தான் எண்ணப்படுகிறது. ஏன்? எவரோ ஒரு கோடு வரைந்தார்கள், அதனால்!

அந்தக் கோட்டின் கதையைத் தெரிந்துகொள்வது நம் கடமை, தோழர்களே!

தாம்பரம் உழைப்பால் வளர்ந்த ஊர். 1928-இல் காசநோய் மருத்துவமனை எழுந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடிற்று. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு வந்தது. இரயில் வந்தது, பிழைப்புத் தேடி மக்களும் வந்தனர். தெற்கே நெல்லையிலிருந்தும், வடக்கே ஆந்திரத்திலிருந்தும் வந்து குடியேறினர். 1977-இல் தாம்பரம் தனிச் சட்டமன்றத் தொகுதியாயிற்று. நாடாளுமன்றத்துக்கோ, அது தென்சென்னையில் அடங்கியிருந்தது.

2001 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு 2008-இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டன. ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், மதுரவாயல், அம்பத்தூர், திருப்பெரும்புதூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இணைந்து புதிய திருப்பெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதி உருவாயிற்று. அதுவரை தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதியாயிருந்த திருப்பெரும்புதூர் பொதுத்தொகுதியாயிற்று, காஞ்சிபுரம் தனித்தொகுதியாயிற்று. தாம்பரத்தான் வீடு மாறவில்லை, தொகுதி மாறிவிட்டது. தென்சென்னையில் 1996 முதல் நான்கு முறை வென்ற டி.ஆர்.பாலு 2009-இல் திருப்பெரும்புதூரில் நின்று வென்றார். கோடு நகர்ந்தது, அதனோடு உறுப்பினரும் நகர்ந்தார்!

கோடு புதிது, ஆனால் நியாயம் நிலைத்ததா? 2024 தேர்தலில் இத்தொகுதியின் வாக்காளர் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நாகப்பட்டினத்திலோ ஏறத்தாழ 13 இலட்சம். அங்கும் உறுப்பினர் ஒருவர், இங்கும் ஒருவர். நாகை உழவன் மீது நமக்குப் பொறாமையில்லை. ஆனால், குடிநீருக்கும் சாலைக்கும் குரல் கொடுக்க வேண்டிய புறநகரத்தான் வாக்கு மட்டும் எடை குறைந்ததா என்று கேட்பது பொறாமையன்று, பகுத்தறிவு. ஒரே மாநிலத்துக்குள் மக்கள் எண்ணிக்கைதான் அளவுகோல்; பெருத்துப் போன தொகுதியைப் பிரித்தே ஆகவேண்டும்.

மாநிலங்களுக்கிடையே வரும்போது இதே அளவுகோல் போதுமா? நம் மாநிலத்துக்கு 1962 தேர்தலில் 41 இடங்கள் இருந்தன. 1967-இல் 39 ஆயின. மற்ற மாநிலங்களில் மக்கள்தொகை விரைந்து பெருகியது; நமக்கு இரண்டு இடங்கள் போயின! பிறப்பைக் கட்டுப்படுத்தும் மாநிலம் தண்டனை பெறக்கூடாது என்று கருதி, 1976-இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1971 கணக்கின்படி இடங்களை நிறுத்திவைத்தது. பின்னர் 84ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது.

"எங்கள் உறுப்பினர் உங்களைவிட அதிக மக்களுக்கு ஒருவர், இது நீதியா?" என்று வடபுலத்தார் கேட்பர். கேள்வி நேர்மையானது. அதற்கு மழுப்பாமல் விடையளிக்க வேண்டும்.

கனடாவைப் பாருங்கள். ஆங்கிலம் பேசும் பெரும்பான்மைக்கு நடுவே பிரெஞ்சு பேசும் மாநிலம் கியூபெக். அங்கே போஸ் என்றொரு நாடாளுமன்றத் தொகுதி. 1867 முதல் இருந்து வருவது. மக்களில் மிகப் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுவோர். அத்தகைய தொகுதிகளின் வழியாகத்தான் அம்மொழியினர் தலைநகரில் குரல் எழுப்புகின்றனர். 2021-இல் மக்கள்தொகைக் கணக்கின்படி கியூபெக்கின் இடங்கள் 78-லிருந்து 77 ஆகும் என்ற நிலை வந்தது. ஓர் இடம்தானே என்று அவர்கள் வாளாவிருக்கவில்லை. 2022-இல் சட்டம் வந்தது: எந்த மாநிலத்துக்கும் முன்பிருந்த இடம் குறையலாகாது. வளர்ந்த மாநிலங்கள் கூடுதல் இடம் பெற்றன; கியூபெக்கின் 78 காக்கப்பட்டது.

அதுவே முழுத் தீர்வா? அன்று. நம் 39 அப்படியே நின்று, மற்றவர் இடங்கள் மட்டும் பன்மடங்கு பெருகினால், எண் குறையாது, பங்கு குறையும். பங்கு குறைந்தால் குரல் குறையும். எனவே நாம் கேட்க வேண்டியது இடங்களின் எண்ணிக்கையை மட்டுமல்ல, அவையில் நமக்குள்ள பங்கையும்தான். பல மொழியினர் கூடி வாழும் ஒன்றியத்தில் தலைகளை எண்ணுவது ஒரு நீதி. ஒரு மொழியினரைப் பிறர் எண்ணிக்கையால் அமிழ்த்தாமலிருப்பது மற்றொரு நீதி. இரண்டையும் ஒருசேரக் காப்பதே அரசியல் அறிவு.

தேர்தல் நாளில் மட்டும் வாக்குச்சாவடிக்குச் செல்வது போதாது, இளைஞர்களே! உங்கள் தொகுதியின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கோடு எங்கே ஓடுகிறது, ஏன் ஓடுகிறது, எவர் வாக்கு எத்தனை எடை என்று கணக்கிடுங்கள். விதியென்று எண்ணிப் பணிவதற்கு அது தலையெழுத்தன்று. மனிதன் வரைந்த கோடு. மனிதன் வரைந்ததை மனிதன் திருத்தலாம்.