14 வாரத் தடுப்பூசிக்குப் பிறகு குழந்தையை எடை போட்டீர்களா? 9 மாதம் வரை நீளும் இடைவெளியில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை என்ன?

குழந்தை பிறந்த முதல் மூன்றரை மாதம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் அலைவதிலேயே ஓடிவிடும். பிறந்தவுடன் ஊசி, 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம் ஊசி. ஒவ்வொரு முறையும் நர்ஸ் குழந்தையைத் தராசில் படுக்க வைப்பார், அட்டையில் ஒரு எண் ஏறும். அதற்கப்புறம்? அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி அடுத்த ஊசி 9 மாதம் முடிந்த பிறகுதான்.

நடுவில் ஐந்தரை மாதத்துக்கும் மேல். குழந்தை குப்புற விழுவது, உட்காருவது, முதல் வாய் சோறு எல்லாமே இந்த இடைவெளியில்தான் வருகிறது. பல வீடுகளில் எடை பார்க்கும் பழக்கம் நின்றுபோவதும் இதே சமயத்தில்தான்.

எனக்கும் அதுதான் நடந்தது. என் மகள் 2.8 கிலோவில் பிறந்தாள். 6 வாரத்தில் 3.9, 10 வாரத்தில் 4.7, 14 வாரத்தில் 5.4 கிலோ. ஒல்லிதான், ஆனால் ஏறிக்கொண்டே இருந்தாள். 5 மாதம் முடிந்த சமயத்தில் சளி என்று மருத்துவரிடம் தூக்கிப் போனபோது தராசு 5.7 காட்டியது. ஏழு வாரத்தில் வெறும் 300 கிராம்.

"பச்சை கலர்லதானே இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். அட்டையை என் பக்கம் திருப்பி, "கலரை விடுங்கம்மா, கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க" என்றார்.

அட்டையில் உள்ள வளைகோடுகள் எதைச் சொல்கின்றன?

தாய் சேய் நல அட்டையில் ஆண் குழந்தைக்கு ஒன்று, பெண் குழந்தைக்கு ஒன்று என வளர்ச்சி வரைபடம் தனித்தனியாக இருக்கும். கீழே வயது மாதக் கணக்கில், பக்கவாட்டில் எடை கிலோவில். எடை போடும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு இணைக்க வேண்டும். நடைமுறையில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு வரைபடத்தைக் காலியாக விட்ட அட்டைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. புள்ளியை நீங்களே வைக்கலாம், அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

பச்சைப் பகுதி என்றால் வயதுக்கேற்ற எடை. மஞ்சள் என்றால் எடை குறைவு. ஆரஞ்சு என்றால் மிகக் குறைவு, உடனே சிகிச்சை தேவை.

இந்த அளவுகோல் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். இந்தியாவில் ஆய்வு நடந்த இடம் டெல்லி. தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளரும் குழந்தைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் முதல் 5 வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. ஆகவே "அது வெளிநாட்டுக் கணக்கு, நம்ம ஊர்ப் பிள்ளைங்க சின்னதாத்தான் இருக்கும்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

அந்தக் கணக்குப்படி 6 மாதத்தில் ஆண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ, பெண் குழந்தைக்கு 7.3 கிலோ. ஒரு வயதில் 9.6, 8.9 கிலோ. "நடுத்தரம்" என்றால் பாதிக் குழந்தைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள் என்று அர்த்தம். அந்த எண்ணைத் தொடவில்லையே என்று பதற வேண்டாம். பச்சைப் பகுதியின் கீழ் எல்லை 6 மாதத்தில் ஆணுக்கு 6.4, பெண்ணுக்கு 5.7 கிலோ, ஒரு வயதில் 7.7, 7 கிலோ.

தனியார் மருத்துவமனைகளில் "உங்க குழந்தை 15-வது பெர்சென்டைல்" என்பார்கள். பரீட்சை மார்க் மாதிரி கேட்கும். உண்மையில், அதே வயதுள்ள 100 ஆரோக்கியமான குழந்தைகளை எடை வரிசைப்படி நிறுத்தினால் உங்கள் குழந்தை 15-வது இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து 15-லேயே போகும் குழந்தை நன்றாக வளர்கிறது. 60-ல் இருந்து 15-க்கு இறங்கிய குழந்தையைத்தான் கவனிக்க வேண்டும், இரண்டும் பச்சையிலேயே இருந்தாலும்கூட. என் மகளின் முதல் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டை ஒட்டிப் போயிருந்தன. நான்காவது புள்ளி அதிலிருந்து விலகி, படுத்த மாதிரி இருந்தது.

எடை ஏறும் வேகம் குறைவது எப்போது இயல்பு?

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறையும். 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு முதல் 3 மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். 3 முதல் 6 மாதத்தில் இது சராசரியாக 17 கிராம் அளவுக்கு இறங்கும். 6 மாதத்துக்குப் பிறகு சுமார் 10 கிராம். ஆகவே முதல் மூன்று மாத வேகத்தையே எதிர்பார்த்துக்கொண்டு "பால் பத்தலை" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. டின் பால் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். எங்கள் வீட்டிலும் மாமியார் டப்பாவை வாங்கி வைத்துவிட்டார். என் அம்மாவோ "நீயும் இப்படித்தான்டி இருந்தே, விடு" என்றார். இருவர் சொன்னதும் பாசத்தில்தான், ஆனால் இரண்டுமே தப்பாக இருந்தது.

கவலைப்படும் முன் தராசையும் சந்தேகப்படுங்கள். போன முறை துணியோடு, இந்த முறை துணி இல்லாமல். போன முறை பால் குடித்தவுடன், இந்த முறை பசியோடு. நனைந்த டயப்பர் மட்டுமே 200 கிராம் வரலாம். கூடுமானவரை ஒரே இடத்தில், ஒரே தராசில், துணியும் டயப்பரும் கழற்றிவிட்டு எடை போடச் சொல்லுங்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தூக்காமல் ஒரு முறை நின்று கழிக்கிற வீட்டுத் தராசுக் கணக்கு கைக்குழந்தைக்குச் சரிவராது.

உயரம் அளப்பதில் குளறுபடி இன்னும் அதிகம். 2 வயது வரை படுக்க வைத்து, தலையை ஒருவரும் காலை ஒருவரும் பிடித்து, பலகையில்தான் அளக்க வேண்டும். டேப்பை வைத்து அவசரமாக அளந்தால் குழந்தை போன மாதத்தைவிடக் குட்டையாகிவிட்டதாகக்கூட எண் வரும். தலைச் சுற்றளவை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பிறக்கும்போது சுமார் 34–35 செ.மீ. இருப்பது ஒரு வயதில் 45–46 செ.மீ. ஆகும். மூளை வளர்வதைக் காட்டும் அளவு அது.

எடை நின்றுபோனால் காரணம் என்னவாக இருக்கும்?

பெரும்பாலும் சாப்பாடுதான். 4 மாதக் குழந்தைக்கு உலகம் வேடிக்கையாகிவிடும். ஃபேன் சுற்றினாலும் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அம்மா வேலைக்குத் திரும்பும் காலமும் இதுதான். நடுவில் கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர் என்று கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், கோடை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை.

சாப்பாட்டில் குறை இல்லை என்றால் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, விட்டு விட்டுக் குடித்தால் இதயத்தைப் பரிசோதிப்பார்கள். ரத்த சோகை, தைராய்டு குறைபாடு, வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கிறதா என்பதும் பட்டியலில் உண்டு.

இன்னொன்று, பெற்றோர் நினைத்தே பார்க்காதது: சிறுநீர்த் தொற்று. பெரியவர்களுக்கு எரிச்சல் வரும், வாய் திறந்து சொல்வார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல், எடை ஏறாதது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். என் மகளுக்கு அதுதான். சுத்தமான கிண்ணத்தில் சிறுநீர் பிடிக்க நானும் அவள் அப்பாவும் நாற்பது நிமிடம் மாறி மாறிக் குனிந்து நின்றோம். டயப்பரிலிருந்து பிழிந்தோ தரையிலிருந்தோ எடுத்தால் பரிசோதனை முடிவு தப்பாக வரும் என்பதால் இந்தப் பாடு. தொற்று உறுதியானது, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கு முதல் முறை சிறுநீர்த் தொற்று வந்தாலே சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம் என்பதுதான் காரணம். அவளுக்கு ஸ்கேன் நன்றாக இருந்தது. 7 மாதத்தில் 6.8 கிலோ, புள்ளி பழைய கோட்டுக்கே வந்து உட்கார்ந்தது.

அந்தச் சளி வராமல் இருந்திருந்தால் 9 மாதம் வரை அவளைத் தராசில் போட்டிருக்க மாட்டேன்.

6-வது மாதத்தில் என்ன கொடுப்பது?

180 நாள் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு. 2–3 ஸ்பூனில் தொடங்கி, நாளுக்கு 2–3 வேளை. பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், ரசத் தண்ணீர் ஆகியவற்றில் பெயருக்குத்தான் பருப்பும் அரிசியும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம்தான் சரி. குழைந்த பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், உருளைக்கிழங்கு, இட்லி என எல்லாம் பழக்கலாம். முட்டை, முள் நீக்கிய மீனுக்கு ஒரு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. தேன் மட்டும் ஒரு வயது வரை கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் சேர்த்துத்தான். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுக்குப் பிறகு.

பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து இந்த வயதில் தீரத் தொடங்கும். இரும்புச்சத்து மருந்து பற்றிக் கேளுங்கள், அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள்.

இடைப்பட்ட மாதங்களில் எங்கே எடை போடுவது?

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போடுவார்கள். 6 மாதக் குழந்தையிலிருந்து சத்துமாவும் தருவார்கள். "நாங்க பிரைவேட்ல பாக்குறோம்" என்று ஒதுங்க வேண்டாம், அங்கன்வாடி எல்லோருக்குமானது. தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு ஊசி இல்லாவிட்டாலும் எடை மட்டும் பார்த்துக்கொண்டு வரலாம். தனியாரில் 6-வது மாதம் ஃப்ளூ தடுப்பூசிக்கு வரச் சொல்வார்கள். போகும்போது எடை, தலைச் சுற்றளவையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

எடையோடு வளர்ச்சிப் படிகளையும் பாருங்கள். 3 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 5 மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, 9 மாதமாகியும் தானாக உட்காரவில்லை, சத்தம் கேட்டுத் திரும்பவில்லை என்றால் "ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் செய்யும்" என்று தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். செவித்திறன் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பேச்சு வரும் வாய்ப்பு அதிகம். காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும், 2 வயது வரைக்கும்.

மாதாந்திரக் கணக்குக்குக் காத்திருக்கவே கூடாத சமயங்களும் உண்டு. குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடப்பது, விலா உள்வாங்க மூச்சு விடுவது, வலிப்பு, ஒரு நாளில் 6 முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போவது, 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தடுப்பூசி தேதி தவறிவிட்டால்?

முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பி.சி.ஜி. போட்ட இடத்தில் தழும்பு வரவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்காக மறுபடி போட வேண்டியதில்லை.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணை, நிமோனியா தடுப்பூசியின் பூஸ்டர், போலியோ ஊசியின் மூன்றாவது தவணை, வைட்டமின் ஏ சொட்டு மருந்து எல்லாம் ஒரே நாளில் வரும். அன்றைக்குக் கூட்டம் அதிகமாகத்தான் இருக்கும். ஊசி போட்டு அழுகிற குழந்தையைத் தராசில் படுக்க வைப்பது சிரமம், அதனால் எடையை ஊசிக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.