தங்கவயல் தூசியும் மருத்துவ ஆய்வுச் சொற்களும்: ஓர் எளிய விளக்கம்

கோலார் தங்கவயல்: ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிய கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. ஆனால், பாறையைத் துளையிட்டபோது தொழிலாளர்களின் நுரையீரலுக்குள் சென்ற தூசியின் பாதிப்பு, சுரங்கம் மூடப்பட்டதுடன் முடிந்துவிடுவதில்லை.

மருத்துவ அறிக்கைகளிலும் ஆய்வுச் செய்திகளிலும் இடம்பெறும் சில சொற்களின் பொருள் தெரியாவிட்டால், உரிய சிகிச்சையையும் இழப்பீட்டையும் தவறவிட நேரிடலாம். அவற்றில் முக்கியமான சிலவற்றை இங்கே காண்போம்.

சிலிக்கோசிஸ்

படிக சிலிக்கா கலந்த மிக நுண்ணிய தூசியைப் பல ஆண்டுகள் சுவாசிப்பதால் நுரையீரலில் தழும்புகள் உருவாகும் நோய் இது. தழும்புற்ற பகுதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை இல்லை. தூசி நிறைந்த வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

இருமல், மூச்சுத்திணறல், எடைக் குறைவு ஆகியவை காசநோயிலும் காணப்படுவதால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். சிலிக்கோசிஸைத் தொழில்சார் நோயாக இந்தியச் சட்டங்கள் ஏற்கின்றன. அறிக்கையில் 'காசநோய்' என்று மட்டும் எழுதப்பட்டால், நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு பதிவாகாமல் போய்விடும்.

நோய்ப் பரவலும் புதிய பாதிப்பும்

குறிப்பிட்ட காலத்தில் ஒரு மக்கள் தொகுதியில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பதே 'நோய்ப் பரவல்' விகிதம். அக்காலத்தில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது 'புதிய பாதிப்பு' விகிதம்.

உதாரணமாக, 1,000 தொழிலாளர்களில் 200 பேருக்கு ஏற்கெனவே நோய் இருந்தால் பரவல் விகிதம் 20 சதவீதம். எஞ்சிய 800 பேரில் ஓராண்டில் 16 பேருக்குப் புதிதாக நோய் வந்தால், புதிய பாதிப்பு விகிதம் 2 சதவீதம்.

1940களில் கோலார் தங்கவயலில் 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானோரிடம் சிலிக்கோசிஸ் கண்டறியப்பட்டது. இது நோய்ப் பரவல் விகிதமாகும்.

நலமான தொழிலாளர் விளைவு

பணியில் இருப்பவர்களை மட்டும் பரிசோதிக்கும் ஆய்வில் ஒரு குறை ஏற்படலாம். நோய் முற்றியவர்கள் முன்பே வேலையை விட்டு ஊர் திரும்பியிருப்பார்கள் அல்லது உயிரிழந்திருப்பார்கள். கணக்கில் வருபவர்கள் ஓரளவு உடல்நலத்துடன் எஞ்சியவர்களே. இதனால் உண்மையான பாதிப்பு குறைவாகத் தோன்றும். ஆய்வு முடிவைப் படிக்கும்போது, யார் பரிசோதிக்கப்பட்டனர் என்பதுடன் யார் விடுபட்டனர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக் குழு

புதிய சிகிச்சையைப் பெறாத, ஆனால் மற்ற வகைகளில் ஒத்த நிலையில் உள்ளவர்களின் குழு இது. இக்குழு இல்லாவிட்டால், ஏற்பட்ட மாற்றத்துக்குச் சிகிச்சைதான் காரணமா என்பதை உறுதிசெய்ய முடியாது.

இதன் அவசியத்தைக் கனடா நாட்டுத் தங்கச் சுரங்கங்களின் வரலாறு உணர்த்துகிறது. அந்நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், சிலிக்கோசிஸைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1943 முதல் 1979 வரை சுரங்கத் தொழிலாளர்கள் அலுமினியத் துகளைச் சுவாசிக்க வைக்கப்பட்டனர். 1950களில் பிரிட்டனில் ஒப்பீட்டுக் குழுவுடன் நடந்த ஆய்வில், இச்சிகிச்சையால் நோயாளிகளுக்குப் பயன் இல்லை எனத் தெரியவந்தது. இத்துகளைச் சுவாசித்தவர்களிடம் பார்கின்சன் நோய் அதிகமாக இருப்பதைப் பிற்கால ஆய்வு சுட்டிக்காட்டியது. அதன் அடிப்படையில், 2022ஆம் ஆண்டு ஒன்டாரியோ அரசு அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது.

சமவாய்ப்பு ஒதுக்கீடு

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல், குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்வது இது. இதனால், தேறக்கூடியவர்களை மட்டும் ஒரு பக்கம் சேர்த்துவிடும் சார்பு தவிர்க்கப்படுகிறது.

இதற்குத் தமிழகத்திலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவினர் வீட்டிலும் மற்றொரு குழுவினர் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தருவதாக 1959ஆம் ஆண்டு வெளியான முடிவு தெரிவித்தது. காசநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கும் வழக்கத்தை உலக அளவில் மாற்றிய ஆய்வுகளில் இது முக்கியமானது.

போலி மருந்தும் இரட்டை மறைப்பும்

பிளசீபோ எனப்படும் போலி மருந்து, உண்மையான மருந்தைப் போன்றே தோற்றமளிக்கும். ஆனால் நோயைக் குணப்படுத்தும் பொருள் அதில் இருக்காது. யார் எதைப் பெறுகிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு நடத்தப்படும் ஆய்வு 'இரட்டை மறைப்பு' ஆய்வு. எதிர்பார்ப்பு, முடிவைப் பாதிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

தகவலறிந்த ஒப்புதல்

ஆய்வின் நோக்கம், ஆபத்து, பயன், மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றை முழுமையாக அறிந்த பின் ஒருவர் தரும் சம்மதமே 'தகவலறிந்த ஒப்புதல்'. வெறும் கையெழுத்து ஒப்புதலாகாது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் அளிக்கப்பட வேண்டும். கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழும் தங்கவயல் போன்ற ஊர்களில், தமிழில் விளக்கம் கோருவது பங்கேற்பவரின் உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுடன் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் விளக்க வேண்டும்.

ஆய்விலிருந்து எந்த நேரத்திலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. மருந்துப் பரிசோதனையால் பாதிப்பு ஏற்பட்டால், இலவச மருத்துவ உதவிக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் வழிவகை செய்கின்றன.

மருத்துவரிடம் கூற வேண்டியது

சுரங்கம், கல் குவாரி, கல் அரைக்கும் ஆலை போன்ற இடங்களில் பணியாற்றியவர்கள் இருமலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ மருத்துவமனை செல்லும்போது, எத்தனை ஆண்டுகள், எந்த வேலை செய்தனர் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் கூற வேண்டும். அந்த விவரத்தை மருத்துவச் சீட்டில் எழுதித் தருமாறும் கோரலாம். பழைய எக்ஸ்ரே படங்களையும் பணிச் சான்றுகளையும் பாதுகாத்து வைப்பது, நோயைச் சரியாகக் கண்டறியவும் இழப்பீடு கோரவும் உதவும்.