ஏட்டைத் திறத்தலும் எண்ணைப் பெருக்கலும்

வாணிபம் தழைத்த இடமெங்கும் கணக்கும் தழைத்தது. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துள்ள கொழும்புத் துறைமுகமும் செட்டியார் தெருவும் இதற்குச் சான்றாகும். கணக்கப்பிள்ளையின் தொழில்களுள் தலையாயவை இரண்டு: பேரேட்டைத் திறத்தல், அளவை விலையாற் பெருக்கல். பின்னதற்குத் திண்ணைப் பள்ளியில் மனனஞ்செய்த எண்சுவடி துணைநின்றது. ஏடு தமிழில் இருந்தமையால், முதலாளி அதனைத் தாமே வாசித்துச் சரிபார்க்க இயன்றது.

கணினி தோன்றிய காலத்தில் இத்தெளிவு மறைந்தது. அதற்குரிய ஏவல்கள் எண்களாலும் குறியீடுகளாலும் எழுதப்பட்டன. கணக்குக்கு உரியவர்க்கே அது செய்யப்படும் முறை விளங்கவில்லை. கணித ஆசிரியராயிருந்து அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்த கிறேஸ் ஹொப்பர் அம்மையார், வாணிபக் கணக்குகளை வழக்கிலுள்ள ஆங்கிலச் சொற்களாலேயே ஏவலாம் என வாதிட்டு, புளோமற்றிக் என்னும் கணினி மொழியை ஆக்குவித்தார். 1959 மே மாதத்தில் பென்ரகனில் அரசினரும், கணினி ஆக்குவோரும், அதனைப் பயன்படுத்துவோரும் கூடினர். அம்முயற்சியின் பயனாக 1960இல் கோபோல் மொழி வெளிவந்தது. அவ்வாண்டு டிசெம்பரில், இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஏறத்தாழ ஒரே நிரல் இயக்கிக் காட்டப்பட்டது.

அம்மொழியின் வினைச்சொற்கள் இரண்டினை ஈண்டு நோக்குவோம். முதலாவது 'மல்ரிப்பிளை', அதாவது பெருக்கு. விலையையும் அளவையும் பெருக்குமாறு மட்டும் ஏவினால், விடை இரண்டாவதாகக் கூறிய எண்ணின் இடத்திலேயே அமரும். அளவு இருந்த இடத்தைத் தொகை கவர்ந்துகொள்ளும். இரண்டும் நிலைத்திருக்க வேண்டின், விடைக்குரிய இடத்தை 'கிவிங்' என்னும் சொல்லாற் சுட்டுதல் வேண்டும்.

மற்றையது 'ஓப்பன்', அதாவது திற. திறக்கப்படாத ஏட்டை வாசித்தலும் அதில் எழுதுதலும் இயலா. எந்நோக்குடன் திறக்கின்றோம் என்பதும் முன்னரே கூறப்படல் வேண்டும். வாசிப்பதற்கு 'இன்புட்', புதிதாய் எழுதுவதற்கு 'அவுட்புட்', வாசித்துத் திருத்துவதற்கு 'ஐ-ஓ'. ஈற்றிற் சேர்ப்பதற்குரிய 'எக்ஸ்ரென்ட்' 1974ஆம் ஆண்டு நியமத்தில் இடம்பெற்றது. வாசிக்க வேண்டிய ஏட்டைப் புதிதாய் எழுதுவதற்கெனத் திறந்துவிடின், பழம் பதிவுகள் அழிந்தொழிதல் கூடும். இத்தகைய ஏவல் வெறும் எண்குறியாய் இருப்பின் பிழையைக் காண்பார் யார்? சொல்லாய் இருப்பதனால், நிரல் எழுதாதாரும் அதனை ஐயுற்று வினவலாம்.

எனினும், அச்சொற்கள் ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டுமா? 1950களில் ஹொப்பர் அம்மையார் பிரெஞ்சு, ஜேர்மன் சொற்களாலும் ஏவல்களை எழுதிக் காட்டினார். மேலாளர் திகைத்து, அதனை ஏற்க மறுத்தனர். இயந்திரத்துக்கோ எம்மொழிச் சொல்லும் ஒரு குறியே. தடை மனிதர் மனத்தில் இருந்தது. ஆகவே 'பெருக்கு', 'திற' என்பனவும் அப்பணிக்குத் தகுதி குறைந்தனவல்ல. ஆங்கில ஏவலில் வினை முதலில் நிற்கும். தமிழிலோ ஈற்றில் நிற்கும். அதற்கேற்ற இலக்கணத்தை வகுத்தல் தமிழறிந்த கணினியாளர் கடன். தன் கணக்கைத் தன் மொழியில் வாசிக்க வல்லவனே அதனைத் தட்டிக் கேட்கவும் வல்லவன்.