சீட்டில் பத்து தடவை தோற்காதவர்கள்

ஒருத்தன் சீட்டுல தொடர்ந்து ஜெயிச்சா ஊர்ல ரெண்டு காரணம்தான் சொல்வாங்க. ஒண்ணு கைராசி, இல்லேன்னா களவாணித்தனம். இத்தாலியின் பிரிட்ஜ் அணியைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள்.

'நீல அணி' என்று பெயர். பிரிட்ஜுக்கு உலகக் கோப்பை மாதிரி உள்ளது பெர்முடா பவுல். 1957 முதல் 1969 வரை நடந்த பத்து பெர்முடா பவுலையும் இவர்களே அடித்தார்கள். 1964, 1968 ஒலிம்பியாட் தனி. தோல்வியே இல்லைன்னு சொல்ல முடியாது, 1960 ஒலிம்பியாட்டை பிரான்ஸ் கொண்டுபோனது.

கைராசிக்கு அதில் இடம் குறைவு. ஒரு அணியில் நாலு பேர், ரெண்டு மேசை. முதல் மேசையில் நம்ம ஜோடிக்கு வந்த அதே சீட்டு, அடுத்த மேசையில் எதிராளி ஜோடிக்குப் போகும். ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணியைக் கொடுத்து யார் அதிகம் விளைவிக்கிறான்னு பார்க்கிற கணக்கு. விதை சரியில்லைன்னு சாக்கு சொல்ல முடியாது.

அவங்க பலம் கேள்வி கேட்கும் முறையில் இருந்தது. நேப்பிள்ஸ்காரர்கள் "ஒரு கிளாவர்"னு கேட்டால் கிளாவர் இருக்குன்னு அர்த்தமில்லை, கை பலமா இருக்குன்னு அர்த்தம். கூட்டாளி பதிலிலேயே தன்னிடம் உள்ள ஏஸ், ராஜா கணக்கைச் சொல்லிடுவார். இதை எதிராளிக்கும் விளக்கியாகணும், ஒளிவுமறைவு கிடையாது. கேப்டன் பெரூ ஒரு வக்கீல், ரொம்பக் கண்டிப்பு.

இவர்களை வீழ்த்தவே ஐரா கார்ன் என்ற டல்லாஸ் வியாபாரி 1968-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து அணி சேர்த்தார், கம்ப்யூட்டரும் வைத்தார். சீட்டு விளையாட மாசச் சம்பளம்! அந்த அணி 1970, 1971-ல் ஜெயித்தது, ஆனால் அப்போது நீல அணியின் பழைய ஆட்கள் ஒதுங்கியிருந்தார்கள். 1972 ஒலிம்பியாடுக்குத் திரும்பி வந்து அவர்களையே தோற்கடித்தார்கள்.

களவாணித்தனம்? 1975-ல் பெர்முடாவில் கூட்டாளி முகம் தெரியாதபடி மேசைக்கு நடுவே முதல்முறையாகத் திரை வைத்தார்கள். அப்படியும் ஒரு இத்தாலி ஜோடி காலால் தட்டுகிறார்கள்னு புகார் வந்து, கண்டனம் வாங்கினார்கள். மேசைக்கடியிலும் தடுப்பு வந்தது. அணிக்கே அது தீராத கறைதான். ஆனால் மூத்த ஜோடி பெல்லடோனாவும் கரோட்சோவும் அதில் இல்லை. முந்தைய பத்துக் கோப்பையையும் அதை வைத்து அழிப்பது நியாயமாப் படலை எனக்கு.

அந்த இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், இந்த ஜோடி கிளாவர் துருப்பில் பதிமூணு பிடியும் எடுப்போம்னு ஏறிட்டாங்க. துருப்பு ராஜா எதிராளி எடி கான்டர் கையில். நல்லவேளை, ராஜாவுக்குத் துணை ஒரே சீட்டுதான், உட்கார்ந்திருந்ததும் இவங்களுக்குத் தோதான பக்கம். பிடிபட்டது. தப்பியிருந்தால் கோப்பை அமெரிக்காவுக்கு. 26 புள்ளியில் இத்தாலி ஜெயித்தது. பெல்லடோனாவுக்கு அது பதிமூணாவது பெர்முடா பவுல். அடுத்த வருஷமே மான்டி கார்லோவில் அமெரிக்கர்கள் கோப்பையைத் தூக்கிட்டாங்க.