எண்ம வளர்ச்சிக்கு எது அளவுகோல்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறு, நடுத்தர நிறுவனங்களில் 69 சதவீதம், எண்மத் தொழில்நுட்பப் பயன்பாட்டில் அடிப்படை நிலையை எட்டிவிட்டதாக 2022-ஆம் ஆண்டின் கணக்கு கூறியது. அடுத்த ஆண்டில் அந்த அளவு 58 சதவீதமாகச் சரிந்தது. 2024-இல் மீண்டும் 73 சதவீதமாக உயர்ந்தது. ஓராண்டில் லட்சக்கணக்கான நிறுவனங்கள் தங்கள் கணினிகளைப் பரண்மீது ஏற்றிவிட்டு, மறு ஆண்டில் கீழே இறக்கி வைத்தனவா? அப்படி எதுவும் நிகழவில்லை. நிறுவனங்கள் மாறவில்லை, அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தாம் மாறின.

ஒரு நாட்டின் தொழில் நிறுவனங்கள் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை எந்த அளவுக்குக் கைக்கொண்டுள்ளன என்பதைக் கணக்கிடுவதில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. யூரோஸ்டாட் என்ற அதன் புள்ளியியல் அமைப்பின் வழிகாட்டுதலில், உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே வினாத்தாளைக் கொண்டு ஆண்டுதோறும் நிறுவனங்களிடம் தகவல் திரட்டுகின்றன. அந்த விடைகளிலிருந்து 12 அம்சங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஓர் அம்சத்துக்கு ஒரு மதிப்பெண். நான்கு மதிப்பெண் பெற்றால் அடிப்படை நிலை. ஏழு பெற்றால் உயர்நிலை. பத்தும் அதற்கு மேலும் பெற்றால் மிக உயர்நிலை. 'எண்மச் செறிவுக் குறியீடு' என்று இதைக் கூறலாம்.

2022-ஆம் ஆண்டின் பட்டியலில் இணையப் பாதுகாப்பு நடவடிக்கைகள், ஊழியர்களுக்கான கணினிப் பயிற்சி, காணொலிவழிக் கூட்டங்கள் போன்றவை இடம்பெற்றிருந்தன. கரோனா பொது முடக்கத்தைக் கடந்து வந்த நிறுவனங்களுக்கு அவை எளிதில் கிடைத்த மதிப்பெண்கள். 2023-ஆம் ஆண்டின் பட்டியலில் ஒருங்கிணைந்த நிர்வாக மென்பொருள், மேகக் கணிமை, செயற்கை நுண்ணறிவு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவை முன்னிடம் பெற்றன. வினாத்தாள் கடினமானது, மதிப்பெண் குறைந்தது. ஆகவே, 2022-ஐ 2024-உடன் ஒப்பிடலாம்; 2021-ஐ 2023-உடன் ஒப்பிடலாம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவது தவறு. யூரோஸ்டாட் இதை மறைக்கவில்லை. ஆனால், தலைப்புச் செய்திகளில் அடிக்குறிப்புகளுக்கு இடம் கிடைப்பதில்லை.

இக்குறியீட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2023-இல் பின்லாந்தின் சிறு, நடுத்தர நிறுவனங்களில் 86 சதவீதம் அடிப்படை நிலையை எட்டியிருக்க, ருமேனியாவில் 27 சதவீதம் மட்டுமே எட்டியிருந்தன என்ற உண்மையை, ஒரே அளவுகோல் இல்லாமல் அறிந்திருக்க முடியாது. 2030-க்குள் சிறு, நடுத்தர நிறுவனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த நிலையை அடைய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வகுத்துள்ளது. இலக்கு வைப்பவர்கள் அளந்து பார்க்கவும் ஆயத்தமாக இருப்பது பாராட்டத்தக்கது. என் மனக்குறை வேறு. சமூக ஊடகங்கள் இரண்டில் கணக்கு வைத்திருப்பதற்கும் ஒரு மதிப்பெண். செயற்கை நுண்ணறிவை உற்பத்தியில் பயன்படுத்துவதற்கும் ஒரு மதிப்பெண். முன்னது ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. பின்னதற்கு முதலீடும் ஆள்களும் ஆண்டுகளும் தேவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது, நெல்லையும் பதரையும் சேர்த்து அளப்பதைப் போன்றது.

இந்த அளவுகோலை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவர இயலுமா என்று கேட்டால், முதல் படியிலேயே தடுக்கிவிடுகிறது. ஐரோப்பியக் கணக்கெடுப்பு, 10 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கு மட்டும் உரியது. இந்தியாவிலோ, மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2023-24 கணக்கெடுப்பின்படி, வேளாண்மை சாராத, பதிவுபெற்ற கம்பெனியாக அமையாத தொழிலகங்கள் சுமார் 7.34 கோடி. அவற்றில் பணியாற்றுவோர் 12 கோடிக்குச் சற்று அதிகம். அதாவது, ஒரு தொழிலகத்துக்குச் சராசரியாக இரண்டு பேர்கூட இல்லை. பத்துப் பேர் என்று கோடு கிழித்தால், நம் நாட்டின் தையல் கடையும், மளிகைக் கடையும், பட்டறையும், விசைத்தறிக் கூடமும் ஏறத்தாழ முழுமையாகக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடும்.

அந்தக் கணக்கெடுப்பிலேயே இணையம் பற்றிய கேள்வி ஒன்று உண்டு. தொழில் நோக்கத்துக்காக இணையத்தைப் பயன்படுத்திய தொழிலகங்களின் அளவு 2022-23-இல் 21.1 சதவீதமாக இருந்து, 2023-24-இல் 26.7 சதவீதமாக உயர்ந்தது. ஊரகப் பகுதிகளில் 13.5-இலிருந்து 17.9 சதவீதம், நகர்ப்புறங்களில் 30.2-இலிருந்து 37.2 சதவீதம். ஓராண்டில் இவ்வளவு உயர்வு மகிழ்ச்சிக்குரியதே. ஆனாலும் நான்கில் மூன்று பங்கு தொழிலகங்களுக்கு இணையம் இன்னும் தொழிற்கருவி ஆகவில்லை என்பதும் அதே எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. உலகமே வியக்கும் எண்மப் பரிவர்த்தனை நடக்கும் நாடு என்ற பெருமிதத்தோடு இந்த எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

சரி, அந்த 26.7 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் யார்? திருப்பூரில் பின்னலாடைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் சிறு தொழில்முனைவோர் ஒருவருடன் ஒருமுறை விரிவாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு வேலை வருவது வாட்ஸ்அப்பில். துணியின் நிறம், தையலின் மாதிரி, எத்தனை உருப்படி என்பதெல்லாம் படங்களாகவும் குரல் பதிவுகளாகவும் வந்து சேரும். கூலி பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆனால், யார் எத்தனை உருப்படி தைத்தார்கள் என்பது நோட்டுப் புத்தகத்தில். சரக்கு இருப்பு அவர் நினைவில். ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் ஓர் ஆடிட்டர் அலுவலகம் தாக்கல் செய்கிறது. அதன் கடவுச்சொல்கூடத் தனக்குத் தெரியாது என்று சிரித்தார். இவரிடம், 'தொழிலுக்கு இணையத்தைப் பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்டால் 'ஆம்' என்பார். அது பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

இந்த இடைவெளியை அளப்பதற்கென்றே உருவான கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. நிறுவன அளவிலான தொழில்நுட்பப் பயன்பாட்டை ஆராய உலக வங்கி வடிவமைத்த அந்த ஆய்வு, தென்கொரியா, போலந்து, வியத்நாம், கென்யா உள்ளிட்ட 11 நாடுகளில் நடத்தப்பட்டது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்கள் இரண்டு: உத்தரப் பிரதேசமும் தமிழ்நாடும். ஷேவியர் சிரேரா, டியேகோ கோமின், மார்சியோ குரூஸ் ஆகிய மூவரும் இதன் முடிவுகளை 2022-இல் நூலாக வெளியிட்டனர். நம் மாநிலத்து நிறுவனங்களின் விடைகள் அதில் கலந்திருந்தும், இங்கு அது போதிய அளவு பேசப்படவில்லை.

அந்த ஆய்வு, 'உங்களிடம் கணினி இருக்கிறதா?' என்று தொடங்குவதில்லை. நிறுவனத்தின் வேலைகளைப் பிரித்துக்கொள்கிறது. கணக்கு எழுதுதல், உற்பத்தியைத் திட்டமிடுதல், மூலப்பொருள் கொள்முதல், விளம்பரம், விற்பனை, பணம் செலுத்துதல், தரக் கட்டுப்பாடு ஆகியவை எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான வேலைகள். இவை தவிர அரிசி ஆலைக்கும் ஆடை உற்பத்திக்கும் மருந்துத் தொழிலுக்கும் உரிய தனி வேலைகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகள். அந்த வேலைக்கு எந்தெந்த முறைகளைப் பயன்படுத்துகிறீர்கள்? அவற்றுள் எதை மிகுதியாகப் பயன்படுத்துகிறீர்கள்?

இரண்டாவது கேள்விதான் சாவி. கணக்குக்கு மென்பொருள் வாங்கி வைத்திருப்பார்கள்; அன்றாடக் கணக்கு கைப்பட எழுதப்படும். இணையவழி விற்பனைக்குத் தளம் இருக்கும். விற்பனையில் பெரும்பகுதி நேரிலும் தொலைபேசியிலும் நடக்கும். உயர்ந்த தொழில்நுட்பத்தை வைத்திருக்கும் நிறுவனங்களிலும் பல, அதை முதன்மையாகப் பயன்படுத்துவதில்லை என்பது அந்த ஆய்வு கண்ட முக்கிய உண்மை. மற்றொன்றையும் அது கண்டது: பெரும்பாலான நிறுவனங்கள் தாம் இருக்கும் தொழில்நுட்ப நிலையைவிட மேலான நிலையில் இருப்பதாகவே நம்புகின்றன. பின்தங்கியிருப்பதை அறியாதவருக்கு முன்னேறத் தூண்டுதல் எங்கிருந்து வரும்? மானியத்தைவிட இங்கே தேவைப்படுவது ஒரு கண்ணாடி.

எண்ணிக்கையை எப்படி நிறுக்கிறோம் என்பதும் முடிவை மாற்றிவிடும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு 2018-இல் 8.5 லட்சம் நிறுவனங்களை இலக்காகக் கொண்டு நடத்திய ஆய்வின்படி, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திய நிறுவனங்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. அதே விடைகளை, நிறுவனங்களில் பணிபுரிவோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடையிட்டுக் கணக்கிட்டபோது 18 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டுமே சரியான எண்கள். முன்னது, சாதாரண நிறுவனம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. பின்னது, சாதாரணத் தொழிலாளி எத்தகைய நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்பதைச் சொல்கிறது. சிறு தொழில்களுக்கு நிதி ஒதுக்குபவர் முன்னதைப் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பின் எதிர்காலத்தைக் கணிப்பவர் பின்னதைப் பார்க்க வேண்டும். விவாத மேடைகளில் அவரவர் வாதத்துக்கு உதவும் எண்ணை எடுத்துக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இங்கு எண்மப் பயன்பாட்டில் கணிசமான பகுதி சட்டத்தின் கட்டாயத்தால் வந்தது. ஜிஎஸ்டி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதே கணக்குத் தாக்கல் இணையவழியானது. மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமாகி, படிப்படியாக வரம்பு இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் ரூ.5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பியக் குறியீட்டில் மின்-விலைப்பட்டியலைச் சேர்த்தால், அது நிறுவனத்தின் விருப்பத்தையும் திறனையும் ஓரளவு காட்டும். இந்தியாவில் அதே அம்சம், விற்றுமுதல் என்ன என்பதை மட்டுமே காட்டும். அபராதத்துக்கு அஞ்சிச் செய்வதையும் ஆதாயம் கண்டு செய்வதையும் ஒரே மதிப்பெண்ணால் அளக்க முடியாது.

யுபிஐ விஷயத்திலும் இந்த எச்சரிக்கை தேவை. 2016-இல் தொடங்கிய அந்த முறையில் 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகள் முதன்முறையாக நடந்தன. 2020 ஜனவரி முதல் வணிகர்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் அதன் பரவலுக்கு ஒரு காரணம். பூ விற்பவர் வரை க்யூஆர் அட்டை வைத்திருப்பது சாதனைதான். ஆனால், பணம் வாங்குவது ஒரு தொழிலின் பல வேலைகளுள் ஒன்று. அந்த ஒன்று மட்டும் எண்மமாகி, கொள்முதலும் கணக்கும் இருப்பும் பழையபடியே இருந்தால், மாறியது கல்லாப்பெட்டி; கடை அல்ல.

கருவி வந்ததும் விளைவு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. கணினிகள் எங்கும் தென்பட்டபோதும் உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் அவற்றின் தடத்தைக் காணவில்லை என்று பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1987-இல் சுட்டிக்காட்டினார். அதற்கு வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் தந்த விளக்கம் இன்றும் பொருந்துகிறது. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோது, நீராவி எந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, அதே தண்டுகளையும் வார்ப்பட்டைகளையும் சுழல விட்டார்கள். ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் பொருத்தி, பட்டறையின் அமைப்பையே மாற்றிய பிறகு, 1920-களில்தான் உற்பத்தித்திறன் பாய்ந்தது. அந்நாளில் 'மின்இணைப்பு உள்ளதா?' என்று மட்டும் கணக்கெடுத்திருந்தால், அந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

இவையெல்லாம் புள்ளியியலாளர்களின் நுண்விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அளவுகோல் எதுவோ, அரசின் பணமும் அதன் வழியே பாயும். 'மென்பொருள் வாங்கிய நிறுவனங்கள் எத்தனை?' என்பது அளவுகோலானால், மென்பொருள் விற்பவர்கள் செழிப்பார்கள்; அதை இயக்கத் தெரிந்த ஒரு கணக்கரை அமர்த்தும் செலவுக்குச் சிறு தொழில்முனைவோர் கையைப் பிசைந்து நிற்பார். சிறு தொழில்களை வாட்டும் பெரும் பிணி, விற்ற சரக்குக்கு உரிய காலத்தில் பணம் வராமைதான். பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட விலைப்பட்டியலை மின்தளத்தில் ஏற்றி, அதன்பேரில் முன்கூட்டியே பணம் பெறும் 'ட்ரெட்ஸ்' என்ற ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி உருவாக்கியுள்ளது. ஒரு நிறுவனம் எண்மமானதால் அதற்குக் கடன் விரைவாகவும் குறைந்த வட்டியிலும் கிடைக்கிறதா என்று கேட்பது, அதனிடம் எத்தனை செயலிகள் உள்ளன என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

இதற்குப் புதிய பெருங்கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்க வேண்டியதில்லை. பதிவுபெறாத தொழிலகங்களுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பு ஏற்கெனவே நடக்கிறது. ஆலைகளுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பும் நடக்கிறது. இணையம் பற்றிய கேள்வியோடு நில்லாமல், கொள்முதல், விற்பனை, கணக்கு, இருப்பு ஆகிய நான்கு வேலைகளில் ஒவ்வொன்றையும் மிகுதியாக எந்த முறையில் செய்கிறீர்கள் என்று கேட்டால் போதும். அந்த வேலையைத் தொழிலகத்தார் செய்கிறார்களா, வெளியார் செய்து தருகிறார்களா என்ற துணைக்கேள்வியும் வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அந்தக் கேள்விகளில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. முடிவுகளைத் தொழிலகங்களின் எண்ணிக்கைப்படியும் பணிபுரிவோரின் எண்ணிக்கைப்படியும் தனித்தனியே, மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். அதற்கேற்ப மாதிரியின் அளவைக் கூட்டுவதற்கான செலவை மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்ளலாம். உலக வங்கியின் ஆய்வில் ஏற்கெனவே இடம்பெற்ற மாநிலம் என்ற வகையில், தமிழ்நாடு இதைத் திருப்பூர், கோவை, சிவகாசி ஆகிய மூன்று இடங்களில் முதலில் செய்து பார்க்கலாம்.